நாற்பது வளைவுக்கு மேலே ஒரு புருசன்

ராசாத்தாள் ஒரு தூக்குப்போசி நிறைய இட்லி மாவோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். பார்த்ததுமே இது சும்மா வந்த மாவு இல்லை என்று தெரிந்துவிட்டது. அவிநாசிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி உக்கடத்துக்கு வந்து எவளும் சும்மா மாவு கொடுக்க மாட்டாள்.

“ஏனுங்க நாயுடு, சவுக்கியமுங்களா?”

“சமாச்சாரத்தைச் சொல்லு.”

“உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?”

“உக்காந்தா நேரமாகும். நின்னுட்டே சொல்லு.”

உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். கழுத்தில் தாலிக்கயிறு புது மஞ்சள் பூசிப் பளிச்சென்று கிடந்தது.

“வர்ற ஞாயித்துக்கெழமை ஒரு நாளைக்கு மட்டும் நீங்க எனக்குப் புருசனா வரோணுமுங்க.”

நான் தூக்குப்போசியை அவள் பக்கமே திரும்பத் தள்ளி வைத்தேன்.

ராசாத்தாள் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். உக்கடத்தில் ஒரு லாட்ஜ் இருந்தது. இப்போது அந்த இடத்தில் மேம்பாலத்துத் தூண் நிற்கிறது. அந்த லாட்ஜில் நான் ரூம் பாயாகச் சேர்ந்து, மீசை நரைத்த பிறகும் பாயாகவே இருந்தேன். ராசாத்தாள் அங்கே தொழில் செய்தவள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவள் அம்மா வழி, ஏதோ ஒரு கோயிலில் பொட்டுக்கட்டிய குடும்பம். சாமிக்குக் கட்டிய பொம்பளை தாலி அறுப்பதே இல்லை என்று, அந்தக் காலத்தில் பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கு இவர்களைக் கூப்பிட்டுத்தான் தாலிக்கயிறு திரிக்கச் சொல்வார்களாம். பிறகு சட்டம் வந்து கோயிலை விட்டுப் போகச் சொன்னது. எங்கே போவது என்று சட்டத்தில் எழுதவில்லை. அம்மா டவுனுக்கு வந்தாள், மகள் லாட்ஜுக்கு வந்தாள். அவளோடு கூட ரங்கம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் கோயிலும் தெரியாது, பொட்டும் தெரியாது. மில்லில் நூல் ஓட்டிக்கொண்டிருந்தவள். மில்லை மூடினார்கள், புருசன் ஓடிப்போனான், இங்கே வந்தாள்.

போலீஸ் வரும். வந்தால் ஆம்பளைகள் பின்பக்கப் படியில் இறங்கிப் போவார்கள். பொம்பளைகள் முன்பக்கப் படியில் இறங்கி வேனில் ஏறுவார்கள். அந்த லாட்ஜுக்கு இரண்டு படி கட்டியதே அதற்குத்தான் என்று எனக்குச் சந்தேகம். மறுநாள் பேப்பரில் ‘அழகிகள் கைது’ என்று போடுவார்கள். ஒரு தடவை ராசாத்தாள் ஜாமீனில் வந்து அந்தப் பேப்பரை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“நாயுடு, எனக்குக் காச்சலு, மூக்கு ஒழுகுது, தலையில வேப்பெண்ணெய் வெச்சிருந்தேன். என்னையப் போயி அழகின்னு போட்டிருக்கறான். எங்கம்மா இருந்திருந்தா எத்தனை சந்தோசப்பட்டிருப்பா!”

தாலி இல்லாத பொம்பளைக்கு இந்த ஊரில் எவனும் வாடகைக்கு வீடு தர மாட்டான். பஸ் ஸ்டாண்டில் ஒரு ஓரமாக நின்றாலும் போலீஸ்காரன் முதலில் கழுத்தைத்தான் பார்ப்பான். அதனால் ராசாத்தாளும் ரங்கம்மாளும் கடைக்குப் போய் ஆளுக்கொரு தாலி வாங்கி வந்தார்கள். தன் கழுத்தில் தானே முடிச்சுப் போட வராது. அதனால் இவளுக்கு அவளும் அவளுக்கு இவளும் மும்மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். நான் இரண்டு டீ கொண்டுபோய் வைத்தேன். அந்தக் கல்யாணத்துக்குச் சாட்சி, சாப்பாடு இரண்டும் நான்தான்.

இதெல்லாம் பழசு. லாட்ஜை இடித்தார்கள். ராசாத்தாள் அவிநாசிக்கு இந்தப் பக்கம் மனை பிரித்துக் கட்டிய ஒரு நகரில், தெய்வாத்தாள் என்ற தோட்டக்காரம்மாளின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு பிடித்து, ஒரு கிரைண்டரை வைத்து மாவு ஆட்டி விற்றுப் பிழைக்கிறாள். பத்து வருசத்துக்கு மேல் ஆகிறது. அவள் அங்கே போனபிறகுதான் ரங்கம்மாள் பெரியாஸ்பத்திரியில் செத்தாள்.

“புருசன் எங்கேன்னு கேட்டா என்ன சொல்லி வெச்சிருக்கறே?” என்றேன்.

“வால்பாறைல எஸ்டேட்டுல இருக்கறாருன்னுதானுங்க.”

“ஏன் கீழ வர்றதில்லைன்னு கேக்க மாட்டாங்களா?”

“கேட்டாங்க. நாப்பது கொண்டை ஊசி வளைவுங்க, அவருக்கு வளைவு ஆகாதுங்க, நாலாவது வளைவுலயே வாந்தி எடுத்துப்போட்டுத் திரும்பிப் போயிருவாருங்கன்னு சொல்லிப்போட்டேன்.”

“பத்து வருசமாவா வாந்தி எடுக்கறான்?”

“அவிய எல்லாம் பாவம்னு சொல்றாங்க. போன ஆடியில ஒரு அம்மணி அவருக்குன்னு எலுமிச்சங்கா ஊறுகா போட்டுக் குடுத்துச்சு. நல்லா இருந்துச்சுங்க.”

“பேரு?”

“யாரு பேருங்க?”

“உன்ற புருசன் பேருடி.”

“புருசன் பேரை வாயால சொல்லலாமுங்களா?” என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். “இத்தனை வருசத்துல ஒரு வாட்டி சொல்லலையே நானு. எங்கூட்டுக்காரரு, எங்கூட்டுக்காரருதான். அதுக்கே அந்த நகர்ல எனக்கு எத்தனை மரியாதை தெரியுமுங்களா? இந்தக் காலத்துல இப்புடி ஒரு பொம்பளையான்னு.”

மரியாதை நிசம்தான். அவள் கைக்கு ராசி என்று நகர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஆடிப் பதினெட்டுக்கு அத்தனை பொம்பளைகளும் அவள் மஞ்சள் பூசிக் கொடுத்த கயிறுதான் மாற்றுவார்களாம். கல்யாணத்துக்குக் கயிறு திரிக்கவும் அவள், சீருக்குச் சந்தனம் பூசவும் அவள், வளைகாப்பில் முதல் வளையல் போடவும் அவள். அவள் அம்மா வழியில் எதற்குக் கூப்பிட்டார்களோ அதற்கே இவளையும் கூப்பிடுகிறார்கள், யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியாமல்.

“இப்ப என்ன கேடு வந்துச்சு?”

“தெய்வாத்தாக்கா மக சம்முகப்பிரியாவுக்கு ஞாயித்துக்கெழமை வளைகாப்புங்க. ஏழு வருசம் கழிச்சு உண்டாகியிருக்குது புள்ள. மொத வளையல் நான்தான் போடோணும்னு ஒத்தைக் கால்ல நிக்குது. அதுக்குள்ள தெய்வாத்தாக்காவோட கொழுந்தனாரு ஒருத்தரு வந்து கெளப்பி உட்டுட்டாரு.”

“என்னன்னு?”

ராசாத்தாள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“நான் தாலியறுத்தவளாமுங்க! புருசன் செத்ததை மறைச்சுப்போட்டு ஊரு பூராம் கயிறு திரிச்சுக் குடுக்கறனாம்! ஆளை யாராச்சும் கண்ணுல பாத்திருக்கறீங்களான்னு கேட்டுப்போட்டாரு. ஒருத்தரும் பாக்கலீங்களே!”

“சிரிக்காதே. சந்தேகம் நாயமானது.”

“நாயுடு, நான் என்னென்னமோ கண்டுபுடிச்சிருவாங்கன்னு பத்து வருசமாப் பயந்துட்டிருக்கறேன். இவிய கண்டுபுடிச்சது இதை!”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். “ஞாயித்துக்கெழமை ஆளைக் காட்டலைன்னா மொத வளையல் இல்லை. அது போனாப் போகுதுன்னு இருக்க முடியாதுங்க. அறுத்ததை மறைச்சவன்னு பேரு வந்தா அந்த நகர்ல ஒருத்தி என்ற கையில மாவு வாங்க மாட்டா. ஊட்டையும் காலி பண்ணோணும். இந்த வயசுல எந்த ஊருக்குப் போயி யாருகிட்ட எந்த மலையைச் சொல்லட்டும்?”

நான் யோசித்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் அந்த லாட்ஜ்தான். புருசன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு வந்து ரூம் கேட்ட ஜோடிகளை ஆயிரக்கணக்கில் பார்த்தாயிற்று. சிரித்துப் பேசிக்கொண்டு வந்தால் அது பொய்ஜோடி. பெட்டியை யார் தூக்குவது என்று படியிலேயே சண்டை பிடித்தால் அது நிசமான புருசன் பெண்டாட்டி. இதைப் பார்த்தபிறகு எவனுக்குக் கல்யாணம் கட்டத் தோன்றும்?

தவிரவும் இவளை நம்பலாமா? இன்றைக்கு ஒரு நாள் புருசன் என்பாள். நாளைக்கு நாலு பேர் சாட்சியோடு வந்து என் அறையில் பாதி தனக்கு என்று நின்றால்?

“ஏன், வேற ஆம்பளை கெடைக்கலையா உனக்கு?”

“எனக்கு உசுரோட இருக்கற ஆம்பளை வேற யாரைத் தெரியுமுங்க? மத்தவிய எல்லாம் வந்துட்டுப் போனவிய. நீங்க ஒருத்தருதான் இருந்தவரு.”

தூக்குப்போசியை எடுத்து உள்ளே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சித்திரை வெயில். மலையிலிருந்து வருகிறவன் என்று எனக்கு ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா எல்லாம் ராசாத்தாள் கொடுத்தனுப்பியிருந்தாள். யூகலிப்டஸ் தைலத்தை நெஞ்சில் தடவிக்கொள்ளச் சொல்லியிருந்தாள். கையில் வாந்திக்கு மோந்துபார்க்க ஒரு எலுமிச்சம்பழம். எஸ்டேட் டீத்தூள் என்று கொடுக்க, உக்கடம் மார்க்கெட்டில் வாங்கிய டீத்தூள் ஒரு கிலோ.

கூட்டிப்போகச் சண்முகப்பிரியாவின் வீட்டுக்காரன் சரவணன் பஸ் ஸ்டாண்டுக்குக் கார் கொண்டுவந்திருந்தான். அவன் பார்க்க நான் வால்பாறை பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டும். பஸ் வந்து நின்றது. பின் வாசல் வழியாக ஏறி, இறங்குகிற கூட்டத்தோடு இடித்துப் பிடித்து முன் வாசல் வழியாக இறங்கினேன்.

“யோவ் பெரியவரே, இதென்ன கோயிலா, சுத்தி வர்றதுக்கு?” என்று கண்டக்டர் கத்தினான்.

சரவணன் நல்ல பையன். கதவைத் திறந்துவிட்டு, “வாங்க பெரீப்பா. எத்தனை வாட்டி வாந்தி எடுத்தீங்க?” என்று கேட்டான்.

“எண்ணலை,” என்றேன். ஸ்வெட்டருக்குள் ஆறாக வேர்த்தது. உண்மையிலேயே எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. அதைப் பார்த்து அவன் காரை மெதுவாக ஓட்டினான்.

தெய்வாத்தாள் வீட்டு முன்னால் பந்தல். நடுவில் நாற்காலியில் சண்முகப்பிரியா பட்டுச்சேலையும் வயிறுமாக உட்கார்ந்திருந்தாள். தட்டு தட்டாக வளையல், பூ, பழம். ராசாத்தாள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, “குல்லாவக் கழட்டிராதீங்க, கூதல் அடிச்சுக்கும்,” என்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

பெண்ணைப் பெற்ற தெய்வாத்தாள் பந்தலுக்குள் இல்லை. ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புருசன் இல்லை. பத்து ஏக்கர் தோட்டத்தை ஒற்றை ஆளாகக் கட்டி ஆள்கிற கை, பெற்ற மகளுக்கு ஒரு வளையல் போடக்கூடாதாம். புருசனோடு சேர்த்துக் கையையும் எரித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

“எங்கீங்க உங்க கொழுந்தனாரு? வந்து பாக்கச் சொல்லுங்க எங்கூட்டுக்காரரை,” என்று ராசாத்தாள் ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

அப்போதுதான் அவர் பந்தலுக்குள் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. எழுபது வயதிருக்கும். எல்லோரும், “வாங்க குமாரசாமியண்ணா,” என்று எழுந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினார். எல்லாரையும் போல அதை அங்கேயே விடவில்லை. இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து உதறி, செருப்பை அதில் போட்டுச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

எனக்கு வேர்வை அப்படியே நின்றுவிட்டது.

லாட்ஜுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் ஒருவர் வருவார். மண்டியில் பருத்தி போட்டுவிட்டு, திருநீறு கலையாமல் வருவார். ரூம் வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்து யாராவது ஊர்க்காரன் அடையாளம் கண்டுகொள்வானோ என்று பயம். படியேறும்போதே செருப்பை மஞ்சள் பையில் போட்டுக் கையோடு ரூமுக்குள் கொண்டுபோய்விடுவார். சோடா கேட்பார். நான் கொண்டுபோனால் கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து, “யாருகிட்டயும் சொல்லிராதப்பா,” என்பார். அவர் பேரே எனக்குத் தெரியாது. லாட்ஜ்காரர்கள் நாங்கள் பேசிக்கொள்ளும்போது அவருக்கு வைத்திருந்த பேர், செருப்புக் கவுண்டர்.

செருப்புக் கவுண்டர் என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏனுங்க, வால்பாறைல எந்த எஸ்டேட்டுங்க நீங்க?”

“மேல இருக்கறதுங்க.”

“மேலன்னா எங்கீங்க?”

“நாப்பது வளைவுக்கும் மேலங்க.”

பொம்பளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“ஆளு புதுசா இருக்குது. மூஞ்சி பாதி தெரியலை. இந்த வெய்யல்ல என்னத்துக்குங்க குல்லா? கழட்டுங்க பாக்கலாம்.”

ராசாத்தாளைப் பார்த்தேன். கழட்டாதே என்று இத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருந்தவள், “கழட்டுங்க. பெரியவரு கேக்கறாருல்ல,” என்றாள்.

கழற்றினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கண் கொஞ்சம் சுருங்கியது. பிறகு கக்கத்திலிருந்த பை கொஞ்சம் கீழே இறங்கியது. வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று பந்தலே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னால் ராசாத்தாள் தொலைந்தாள்.

நான் முந்திக்கொண்டேன். “செருப்புப் பத்திரமுங்களா?” என்றேன்.

திருநீறு எங்கே முடிகிறது, முகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் வெளுத்துவிட்டார்.

“இவரை… எனக்குத் தெரியுமுங்க,” என்றார்.

“எப்புடித் தெரியும் கொழுந்தனாரே?” ஜன்னலுக்குள்ளிருந்து தெய்வாத்தாள் கேட்டாள்.

“வால்பாறைல பாத்திருக்கறேன் அம்மணி. தேங்கா லோடு கொண்டுபோனப்ப.”

“நீங்க வால்பாறைக்கு லோடு அடிச்சீங்களா? உங்கண்ணன் ஒரு நாளும் சொன்னதில்லையே!”

“செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை போவேன்.”

“செவ்வாக்கெழமை மண்டிக்குன்னில்ல போவீங்க?”

“மண்டிக்குப் போயிட்டு… அப்புடியே.”

“அப்புடியே வால்பாறைக்கா?”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “ரொம்ப நல்ல மனுசனம்மா இவரு. சோடா கேட்டாச் சோடா கொண்டாந்து குடுப்பாரு. யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னு ஒரு வார்த்தை வெளிய சொல்ல மாட்டாரு. அப்புடியாப்பட்ட மனுசன்.”

“எஸ்டேட்டுல சோடாவா?” என்று சண்முகப்பிரியா கேட்டாள்.

“அங்கெல்லாம் சோடா நல்லா இருக்கும் கண்ணு,” என்றார் குமாரசாமி.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு அம்மாள் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். இத்தனை வளைவு இறங்கி வந்ததற்கு, பெண்டாட்டி நெற்றியிலும் தாலியிலும் குங்குமம் வைத்துவிட வேண்டுமாம்.

“இது நம்ம பேச்சுல இல்லை,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“வெய்யிங்க. வெச்சா செத்தா போயிருவீங்க?” என்றாள் அவள், அதே மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு.

“நாளைக்கு என்ற அறையில பாதி கேப்பே.”

“உங்க அறையில மூட்டைப்பூச்சிதான் இருக்குது. அதுல பாதியை வெச்சு நான் என்ன பண்ணட்டும்?”

“குரலைத் தாழ்த்திப் பேசு.”

“நீங்க கையைத் தூக்குங்க மொதல்ல.”

எங்கள் பேச்சு கேட்காவிட்டாலும் சண்டை கேட்டுவிட்டது. “பாரு, பத்து வருசம் கழிச்சுப் பாத்தும் எப்புடிச் சண்டை கட்டறாங்க,” என்று ஒரு பெண் சொன்னாள். “நெசமான புருசன் பொண்டாட்டின்னா அப்புடித்தான்,” என்றாள் இன்னொருத்தி. லாட்ஜில் இத்தனை வருசம் நான் கண்டுபிடித்து வைத்திருந்ததை இவர்கள் பந்தலில் உட்கார்ந்தே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

குங்குமத்தை வைத்தேன். நெற்றியில் வைக்கப் போய்ப் பாதி மூக்கில் விழுந்தது. கயிற்றைத் தொட்டபோது ரங்கம்மாள் போட்ட முடிச்சு ஞாபகம் வந்தது. கயிறு எத்தனையோ தடவை மாறியிருக்கும். மூக்கில் குங்குமம் விழுந்தும் ராசாத்தாள் சிரிக்கவில்லை. அவளுக்கும் அதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பிறகு வளையல். ராசாத்தாள் முதல் வளையலைச் சண்முகப்பிரியா கையில் போட்டாள். எல்லோரும் குலவையிட்டார்கள். இரண்டாவது வளையலைக் கையில் எடுத்தவள், நேராக எழுந்து வீட்டுக்குள்ளே போய், தெய்வாத்தாளின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டாள்.

“ராசாத்தாக்கா, வேண்டாமுங்க. நான் போடக்கூடாது,” என்று அந்தப் பெரிய தோட்டக்காரம்மாள் சின்னப்பிள்ளை மாதிரி பின்னால் இழுத்தாள்.

“என்ற கை ராசியான கைன்னு நீங்கதானுங்க சொல்றீங்க? நான் எடுத்துக் குடுக்கற வளையல் யாரு போட்டாலும் ராசிதான். போடுங்க.”

குமாரசாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “அதெப்புடி, மொறைன்னு ஒண்ணு…” என்று ஆரம்பித்தார்.

நான் மஞ்சள் பையைப் பார்த்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

அவர் உட்கார்ந்துவிட்டார். “மொறைப்படி பாத்தா… பெத்தவ போடறது நல்லதுதானுங்க,” என்றார்.

தெய்வாத்தாள் வளையல் போட்டாள். இறுக்கிப் பிடித்ததில் ஒன்று உடைந்தது. ராசாத்தாள் இன்னொன்று எடுத்துக் கொடுத்தாள்.

சாப்பாடு முடிந்ததும் அடுத்த வில்லங்கம் வந்தது. “கொழுந்தனாரே, நீங்கதான் பழக்கமாச்சே. இவரை பஸ்ஸுல உட வேண்டாம், உங்க கார்லயே மலைக்குக் கொண்டுபோயி உட்டுட்டு வாங்க,” என்று தெய்வாத்தாள் சொல்லிவிட்டாள். குமாரசாமியால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

கார் நகரைத் தாண்டியதும் அவர் கேட்டார்.

“உம்பட சம்சாரத்துக்கு என்னைப் பத்தித் தெரியுமா?”

“யாருக்கு?”

“ராசாத்தாளுக்கு. நீ லாட்ஜுல இருந்ததை, நான் அங்க வந்ததை, எதையாச்சும் ஊட்டுல சொல்லியிருக்கறயா?”

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிசமாகவே கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பத்து வருசமாக ஒவ்வொரு விசேஷத்திலும் ராசாத்தாளைப் பார்த்திருக்கிறார். அவள் கையால் சந்தனம் வாங்கியிருக்கிறார். அவளைத் தெரியவில்லை. வருசக்கணக்கில் செவ்வாய்க்கிழமை தவறாமல் யாரைப் பார்க்க வந்தாரோ அந்த முகம் ஞாபகமில்லை. கதவிடுக்கில் சோடா நீட்டிய என் முகம் ஞாபகமிருக்கிறது. அவர் பயந்தது என்னைப் பார்த்துத்தானே. பயப்படத் தேவையில்லாத முகத்தை எவன் நினைவில் வைப்பான்?

“ஒண்ணும் சொல்லலை. அவளுக்கு உங்களை அடையாளமே தெரியாது,” என்றேன். இப்படி ஒரு பொய்யை நான் நம்பிக்கையோடு சொன்னது அன்றைக்குத்தான்.

உக்கடத்தில் இறக்கிவிட்டார். உடனே திரும்பிப் போக முடியுமா? வால்பாறை போய்த் திரும்புகிற நேரம் ஆக வேண்டுமே. போக்கிடம் இல்லாமல் என் அறைக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். மஞ்சள் பையில் போட்டு உள்ளே கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை என் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை சோடா கேட்டார். நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

நாலைந்து நாள் கழித்து ராசாத்தாள் மறுபடி தூக்குப்போசியோடு வந்தாள். இந்தத் தடவை உட்காரச் சொன்னேன்.

“அந்தக் கொழுந்தனாரு யாருன்னு எனக்கு நீ ஏன் முன்னாலயே சொல்லலை?”

“சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா?”

“அப்ப உசுரோட இருக்கற ஆம்பளை நான் ஒருத்தன்தான்னு சொன்னது?”

“அதுவும் நெசந்தானுங்க. ஆனா அந்தாளு மறந்திருக்க மாட்டாத மூஞ்சியும் உங்களுது ஒண்ணுதானே. என்னையத்தான் அவருக்குத் தெரியலையே. மொத வருசம் பொங்கலுக்கு அவரு முன்னால போயி நின்னேன், கண்டுபுடிச்சிருவாரோன்னு. ‘மாவு புளிக்காம ஆட்டறயா அம்மணி’ன்னு கேட்டாரு. அன்னிக்கி ஊட்டுக்கு வந்து சிரிச்சனா அழுதனான்னு எனக்கே தெரியலீங்க.”

நம்பக் கூடாது என்று முதல் நாளே எனக்குத் தோன்றியதா இல்லையா? அது சரியாகத்தான் போயிற்று. ஆனால் கோபம் வரவில்லை.

“அப்ப காரியம் முடிஞ்சுது. இனி நான் உனக்குப் புருசன் இல்லை.”

“அதெப்புடிங்க? இப்பத்தான் ஊரே பாத்திருக்குது. சம்முகப்பிரியா புள்ளைக்குப் பேரு வெக்கறப்ப பெரீப்பா வரோணும்னு சொல்லுது. வளைவுக்கு மாத்தரை வாங்கி வெச்சிருக்கறான் சரவணன்.” தூக்குப்போசியை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். “அதைச் சொல்ல வரலீங்க. ஒண்ணு கேக்கோணும். நீங்க சாகக் கூடாதுங்க.”

“எனக்கு எழுவத்தாறு ஆச்சு.”

“அதுக்குத்தான் சொல்றேன். நீங்க செத்தா நான் அறுக்கோணும். அறுத்தா ஆடிக்குக் கயிறு யாரு குடுக்கறது?”

“நானா வேணும்னு சாகப் போறேன்? வந்தா என்ன பண்றது?”

“வந்தாலும் அந்த நகருக்குச் சொல்லி உட்ராதீங்க. வால்பாறைல நீங்க உங்க பாட்டுக்கு இருங்க. எங்கம்மா வழியில ஒருத்தியும் அறுத்ததில்லை. நானும் அறுக்க மாட்டேன்.”

“சரி. யாருக்கும் சொல்லலை.”

தூக்குப்போசியைத் திறந்து என் பாத்திரத்தில் மாவை ஊற்றினாள். கடைசிச் சொட்டு வரைக்கும் விரலால் வழித்து ஊற்றினாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“எனக்கு மட்டும் சொல்லி உடச் சொல்லுங்க. டீக்கடைக்காரருகிட்ட என்ற நம்பரைக் குடுத்து வெச்சிருக்கறேன்.”

“உனக்கு என்னத்துக்கு?”

“ரங்கம்மா செத்த அன்னிக்கி நான் மாவு ஆட்டலீங்க. கிரைண்டரு ரிப்பேருன்னு எல்லாருகிட்டயும் சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்துட்டேன். உங்களுக்கும் ஒரு நாளைக்கு ரிப்பேருன்னு சொல்லிக்கறேன்.”